கரிம வேதியியல்: நம் அடுப்படி முதல் குழுவின் தொழில் வரை



குழுக்கள் தயாரிக்கும் பொருட்களை விற்பனைக் கண்காட்சியில் வைக்கும்போது, வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இதுல கெமிக்கல் ஏதும் கலக்கலையே?" என்றுதான். நாமும் சட்டென்று, "இல்லீங்க, சுத்தமான இயற்கைப் பொருள்" என்று சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். தண்ணீர் ஒரு வேதிப்பொருள். சர்க்கரை ஒரு வேதிப்பொருள். தேங்காய் எண்ணெய், புளியின் புளிப்பு, மிளகாயின் காரம் எல்லாமே வேதிப்பொருட்கள்தான். கெமிக்கல் இல்லாத பொருள் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது.

அப்படியானால் எப்படித்தான் கேட்பது? "எந்தப் பொருள்? எவ்வளவு? எதற்காக?" என்று கேட்க வேண்டும். இந்த மூன்று கேள்விகளைக் கேட்கத் தெரிந்தால் நம் தொழிலில் நஷ்டம் குறையும், உடம்புக்கு ஆபத்து குறையும், சில நேரங்களில் ஓர் உயிரையே காப்பாற்றலாம். இதற்கு உதவும் படிப்புக்குப் பெயர்தான் கரிம வேதியியல். பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். பள்ளிக்கூடம் போகாதவர்களும் தினமும் அடுப்படியில் பார்க்கிற சங்கதிதான் இது.

கரியாகிற பொருளும் கரியாகாத பொருளும்

அடுப்பில் சோறு அடிப்பிடித்தால் என்ன நிறம்? கறுப்பு. பால் பொங்கி வழிந்து தீய்ந்தால்? கறுப்பு. சர்க்கரை, ரொட்டி, விறகு, காகிதம், பஞ்சு என எது தீய்ந்தாலும் கடைசியில் கரிதான் மிஞ்சுகிறது. ஆனால் உப்பை வாணலியில் போட்டு எவ்வளவு வறுத்தாலும் அது கரியாவதில்லை. மணலும் செங்கல்லும் அப்படித்தான்.

முதல் வகைப் பொருட்களுக்குள் கார்பன் என்ற தனிமம் இருக்கிறது. இதைத் தமிழில் கரிமம் என்கிறோம். தீயும்போது மற்றவை ஆவியாகவும் புகையாகவும் போய்விட, கார்பன் மட்டும் கரியாகத் தங்கிவிடுகிறது. இப்படிக் கார்பனை முதுகெலும்பாகக் கொண்ட பொருட்களைப் பற்றிய படிப்புதான் கரிம வேதியியல். நாம் உண்ணும் உணவு, உடுத்தும் துணி, எரிக்கும் கேஸ், போடும் மாத்திரை, பூசும் சோப்பு, வயலில் தெளிக்கும் மருந்து, ஏன், நம் உடம்பே கூட, பெரும்பாலும் இந்தக் கரிமப் பொருட்களால் ஆனதுதான்.

நான்கு கைகள் உள்ள புள்ளி

சுமார் நூற்றுப் பதினெட்டு தனிமங்கள் இருக்கும்போது கார்பனுக்கு மட்டும் ஏன் தனிப் படிப்பு? காரணம், அது மற்றவற்றோடு கை கோத்துக்கொள்ளும் விதம்.

மார்கழியில் வாசலில் போடும் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கார்பன் அணுவும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து நான்கு கோடுகள் இழுக்கலாம். அதாவது அதற்கு நான்கு கைகள். ஹைட்ரஜனுக்கு ஒரே கை. ஆக்சிஜனுக்கு இரண்டு கை. நைட்ரஜனுக்கு மூன்று கை. கார்பன் தன் நான்கு கைகளால் இவற்றையும் பிடிக்கும், இன்னொரு கார்பனையும் பிடிக்கும். சங்கிலி போல நீளும், கிளை பிரியும், வளையமாகவும் சுற்றிக்கொள்ளும். புள்ளி ஒன்றுதான் என்றாலும் கோலம் ஆயிரம் வகை போடுகிறோம் அல்லவா? அதேபோல்தான் கார்பனிலிருந்து கோடிக்கணக்கான பொருட்கள் உருவாகின்றன.

ஒரு எளிய உதாரணம் பாருங்கள். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த பொருட்கள் இவை:

- சாண எரிவாயுவில் உள்ள மீத்தேனில் 1 கார்பன்.
- சமையல் கேஸ் சிலிண்டரில் முக்கியமாக இருப்பவை 3 கார்பன் உள்ள புரொப்பேனும், 4 கார்பன் உள்ள பியூட்டேனும்.
- மண்ணெண்ணெயில் ஏறத்தாழ 10 முதல் 16 கார்பன் வரை உள்ள சங்கிலிகள்.
- மெழுகுவர்த்தியின் மெழுகில் 20-க்கும் மேல்.
- பால் பாக்கெட்டின் பாலிதீன் உறையில் ஆயிரக்கணக்கில்.

சங்கிலி நீள நீள, காற்றாக இருந்தது எண்ணெயாகி, எண்ணெய் மெழுகாகி, மெழுகு பிளாஸ்டிக் ஆகிவிட்டது. சேர்ந்தவை அதே இரண்டு தனிமங்கள்தான். எத்தனை சேர்ந்தது, எப்படிச் சேர்ந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் இந்தக் கட்டுரையில் பாதி புரிந்த மாதிரிதான்.

யூரியா சொல்லும் கதை

சுமார் இருநூறு வருடங்களுக்கு முன்பு வரை, செடி, கொடி, மிருகம், மனிதன் ஆகிய உயிருள்ளவற்றால் மட்டுமே கரிமப் பொருட்களை உண்டாக்க முடியும், அதற்கு ஏதோ ஓர் 'உயிர்ச் சக்தி' வேண்டும் என்று விஞ்ஞானிகள் நம்பினார்கள். 1828-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரெட்ரிக் வோலர் என்பவர், உயிரற்ற உப்பு வகை என்று கருதப்பட்ட அம்மோனியம் சயனேட்டிலிருந்து யூரியாவைத் தயாரித்துக் காட்டினார். அதுவரை யூரியா என்பது மனிதர், மிருகங்களின் சிறுநீரில் கிடைக்கும் பொருளாகத்தான் தெரிந்திருந்தது. உயிர்ச் சக்தி இல்லாமலும் கரிமப் பொருள் செய்யலாம் என்ற எண்ணம் அதற்குப் பிறகுதான் வலுப்பெற்றது.

இன்று நாம் கடையில் வாங்கும் யூரியாவை அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் சேர்த்துத் தொழிற்சாலையில் செய்கிறார்கள். அதில் 46 சதவீதம் நைட்ரஜன் சத்து. அதாவது 45 கிலோ மூட்டையில் சுமார் 20 கிலோ நைட்ரஜன். மாட்டு மூத்திரத்தில் உள்ள யூரியாவும் இந்த மூட்டையில் உள்ள யூரியாவும் ஒரே பொருள்தான், ஒரு அணு கூட வித்தியாசம் இல்லை. வேறுபாடு அளவிலும் கூட இருப்பவற்றிலும்தான். மாட்டு மூத்திரத்தில் யூரியா கொஞ்சமாக, வேறு உப்புகளோடு சேர்ந்திருக்கிறது. மூட்டையில் யூரியா மட்டுமே செறிவாக இருக்கிறது. அதனால்தான் அளவு மீறிப் போட்டால் பயிர் கருகுகிறது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வோம். கடையில் 'ஆர்கானிக் அரிசி' என்று போட்டிருப்பது வேறு, கரிம வேதியியலை ஆங்கிலத்தில் 'ஆர்கானிக்' என்று சொல்வது வேறு. வேதியியல் கணக்கில் யூரியா ஒரு ஆர்கானிக் பொருள்தான். ஆனால் யூரியா போட்டு விளைவித்த நெல்லை ஆர்கானிக் நெல் என்று விற்கக் கூடாது. இயற்கை விவசாயத்தில் செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிமருந்தும் போடக் கூடாது என்பது விதி. உரிய சான்று பெறாமல் பாக்கெட்டில் 'ஜைவிக் பாரத்' முத்திரை போடுவதும் தவறு. லேபிள் அச்சடிக்கும் குழுக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சோப்பு எப்படி உருவாகிறது?

நம் குழுக்களில் பலர் சோப்புத் தயாரிப்புப் பயிற்சி எடுத்திருப்பீர்கள். இந்த எண்ணெய் இவ்வளவு, காஸ்டிக் சோடா இவ்வளவு என்று நோட்டில் எழுதி வைத்திருப்பீர்கள். ஆனால் ஏன் அந்த அளவு என்பதை நிறையப் பயிற்சிகளில் சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொண்டால் நோட்டு தொலைந்தாலும் தொழில் தொலையாது.

எண்ணெய் என்பது மூன்று வால் கொண்ட ஒரு பொருள். தலையில் கிளிசரின் இருக்கிறது. அதில் மூன்று நீண்ட கார்பன் சங்கிலிகள் வால்கள் போலத் தொங்குகின்றன. இந்தச் சங்கிலிகளுக்குக் கொழுப்பு அமிலம் என்று பெயர். காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, சேரும்போது வால்கள் தலையிலிருந்து கழன்றுவிடுகின்றன. கழன்ற ஒவ்வொரு வாலோடும் ஒரு சோடியம் சேர்ந்துகொள்கிறது. அதுதான் சோப்பு. தலை தனியாகக் கிளிசரினாக நிற்கிறது. ஆகவே நல்ல முறையில் முழுவதும் மாறி முடிந்த சோப்பில் எண்ணெயாகவும் இல்லை, காஸ்டிக்காகவும் இல்லை, இரண்டுமே வேறு பொருளாகிவிட்டன. எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் உள்ளே இருப்பது இன்னதுதான் என்று 1800-களின் தொடக்கத்தில் ஆராய்ந்து எழுதியவர் பிரான்ஸ் நாட்டின் மிஷெல் செவ்ரோல்.

சோப்பு எப்படி அழுக்கை எடுக்கிறது? அந்த வாலின் ஒரு முனைக்கு எண்ணெய் பிடிக்கும், மறுமுனைக்குத் தண்ணீர் பிடிக்கும். எண்ணெய்ப் பிசுக்கில் ஒரு முனை குத்திக்கொள்ள, மறுமுனையைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகிறது. 2020-இல் கொரோனா வந்தபோது சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னதற்கும் இதுதான் காரணம். அந்தக் கிருமியின் மேலுறையில் கொழுப்பு இருக்கிறது. சோப்பு அதை உடைத்துவிடும்.

போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போகிறதே, அது ஏன்? உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் படிவாகிவிடுகின்றன. பெட்ரோலியத்திலிருந்து செய்யும் சலவைத் தூளுக்கு இந்தத் தொல்லை குறைவு. அதற்கென்றே அதன் தலைப்பகுதியை வேறு மாதிரி அமைத்திருக்கிறார்கள்.

எண்ணெய் மாறினால் அளவும் மாறும்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 1 கிலோ எண்ணெய் முழுவதும் சோப்பாக மாறத் தேவைப்படும் சுத்தமான காஸ்டிக் சோடாவின் அளவு இது:

- தேங்காய் எண்ணெய்: சுமார் 183 கிராம்
- பாமாயில்: சுமார் 142 கிராம்
- கடலை எண்ணெய்: சுமார் 136 கிராம்
- விளக்கெண்ணெய்: சுமார் 128 கிராம்

ஏன் இத்தனை வித்தியாசம்? ஒரு கிலோ சின்ன வெங்காயம் உரிக்க எவ்வளவு நேரம் ஆகிறது, ஒரு கிலோ பெரிய வெங்காயம் உரிக்க எவ்வளவு நேரம் ஆகிறது? எடை ஒன்றுதான், எண்ணிக்கை வேறு. தேங்காய் எண்ணெயின் சங்கிலிகளில் அதிகமாக இருப்பவை 12 கார்பன் உள்ள குட்டைச் சங்கிலிகள். கடலை எண்ணெயிலும் விளக்கெண்ணெயிலும் பெரும்பாலும் 18 கார்பன் உள்ள நீளச் சங்கிலிகள். சங்கிலி குட்டையாக இருந்தால் ஒரு கிலோவில் அதிக எண்ணிக்கை இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சோடியம் வேண்டும். அதனால் காஸ்டிக்கும் அதிகம் வேண்டும்.

தேங்காய் எண்ணெய் விலை ஏறிவிட்டது என்று ஒரு குழு கடலை எண்ணெய்க்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் காஸ்டிக் மட்டும் பழைய கணக்கிலேயே 183 கிராம் போடுகிறார்கள். தேவை 136 தான். மீதி 47 கிராம் எங்கே போகும்? சோப்புக்குள்ளேயே தங்கும். அந்தச் சோப்பைக் குழந்தைக்குத் தேய்த்தால் தோல் எரிந்து புண்ணாகும். கலப்படத் தேங்காய் எண்ணெயிலும் இதே ஆபத்துதான். பாமாயில் கலந்த எண்ணெய்க்கு, தேங்காய் எண்ணெய்க் கணக்கில் காஸ்டிக் போட்டால் மிச்சம் நின்றுவிடும்.

அதனால்தான் குளியல் சோப்புக்குக் கணக்கிட்ட அளவிலிருந்து 5 சதவீதம் குறைத்துப் போடச் சொல்கிறார்கள். 1 கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 183-க்குப் பதில் சுமார் 174 கிராம். கொஞ்சம் எண்ணெய் மாறாமல் மிஞ்சினால் பரவாயில்லை, தோலுக்கு மென்மையாக இருக்கும். காஸ்டிக் மிஞ்சக் கூடாது. அச்சிலிருந்து எடுத்த பிறகு 4 முதல் 6 வாரம் காற்றோட்டமாக வைத்துப் பதப்படுத்தி, பி.ஹெச். தாளில் சோதித்து, 10-க்கு மேல் காட்டினால் விற்காதீர்கள். விற்பனைக்குக் குளியல் சோப்பு தயாரிக்க உரிமமும் தேவை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் விவரம் கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

காஸ்டிக் சோடாவைக் கையாளும்போது இவற்றை மறக்கவே கூடாது:

1. தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.
2. அலுமினியப் பாத்திரம் கூடாது. காஸ்டிக் அலுமினியத்தை அரித்து, தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். எவர்சில்வர் அல்லது கெட்டியான பிளாஸ்டிக் பாத்திரம் போதும்.
3. ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அவசியம். பிள்ளைகள் அருகில் இருக்கக் கூடாது.
4. தண்ணீர் பாட்டிலில் காஸ்டிக் கரைசலை ஊற்றி வைக்கவே கூடாது.
5. மேலே பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மேலே வரும்போது தொண்டையை மறுபடியும் பொசுக்கும்.

ஒரே ஒரு கார்பன், ஒரு குடும்பத்தின் உயிர்

கார்பன் எண்ணிக்கையில் ஒன்று கூடினால், குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு மனதை உலுக்கும் உதாரணம் நம் மாநிலத்திலேயே நடந்தது. 2023 மே மாதம் விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் கள்ளச்சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இரண்டிலும் உயிரைக் குடித்தது மெத்தனால்.

சாராயத்தில் போதை தருவது எத்தனால். அதில் 2 கார்பன். மெத்தனாலில் 1 கார்பன். இரண்டும் பார்க்கத் தண்ணீர் போலத்தான் இருக்கும். வாசனையிலும் பெரிய வேறுபாடு தெரியாது. குடிக்கிறவருக்கு வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் நம் கல்லீரலுக்குத் தெரியும். எத்தனாலைக் கல்லீரல் படிப்படியாக மாற்றும்போது கடைசியில் கிடைப்பது அசிட்டிக் அமிலம். வினிகரில் உள்ள அதே அமிலம், அதை உடம்பு சமாளித்துவிடும். மெத்தனாலை அதேபோல் மாற்றினால் முதலில் ஃபார்மால்டிஹைடு, பிறகு ஃபார்மிக் அமிலம் வருகிறது. எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த அமிலம்தான். அது உடம்பில் சேர்ந்துபோய்க் கண் நரம்பைத் தாக்குகிறது, இரத்தத்தைப் புளிக்க வைக்கிறது, மூச்சை நிறுத்துகிறது.

இதில் கொடுமை என்னவென்றால், விஷம் உடனே தெரிவதில்லை. சாதாரண போதை போலத்தான் தொடங்கும். கல்லீரல் மெத்தனாலை மாற்ற மாற்றத்தான் விஷம் ஏறும். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுவலி, வாந்தி, கண் முன்னே பனிமூட்டம் போல மங்கல், வேகமான மூச்சு எல்லாம் வரும். "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று விடுகிற நேரம்தான் உயிர் போகிற நேரம்.

சகோதரிகளே, வீட்டில் இதை முதலில் பார்க்கிறவர்கள் நாம்தான். "வெளிய தெரிஞ்சா மானம் போகும், போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று தயங்க வேண்டாம். கண் மங்கல் என்று சொன்ன உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். டாக்டரிடம் என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மெத்தனாலைக் கல்லீரல் மாற்றாமல் தடுக்கும் மருந்தும், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் சிகிச்சையும் இருக்கின்றன. ஆனால் அவை சீக்கிரம் கொடுத்தால்தான் பலிக்கும். மோர், எலுமிச்சைச் சாறு போன்ற வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காதீர்கள். அதே தெருவில் அதே சாராயம் குடித்தவர்கள் இருந்தால், இன்னும் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தாலும் அவர்களையும் உடனே அனுப்பி வையுங்கள்.

எத்தனால் நல்லது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அது மெதுவாகக் கல்லீரலைக் கெடுக்கும், குடும்பத்தையும் கெடுக்கும். மெத்தனாலோ பெயிண்ட், வார்னிஷ், பிளாஸ்டிக் தொழில்களுக்குத் தேவைப்படும் பொருள். அதன் இடம் தொழிற்சாலை, மனித வயிறு அல்ல.

சாயம்: ஒரு மூலக்கூறு விவசாயியின் தலையெழுத்தை மாற்றிய கதை

நீலச் சாயம் அவுரிச் செடியிலிருந்து வருவது. அந்தக் காலத்தில் இந்திய அவுரிக்கு உலகம் முழுவதும் கிராக்கி. அடால்ஃப் பேயர் என்ற ஜெர்மன் விஞ்ஞானி அந்த நீலத்தின் உள்ளமைப்பைக் கண்டுபிடித்தார். 1897-இல் ஜெர்மன் கம்பெனி ஒன்று செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. செடியில் இருந்த அதே பொருள்தான், ஆனால் தொழிற்சாலையில் செய்தது. இந்திய அவுரியின் சந்தை சரிந்தது. பீகாரின் சம்பாரண் பகுதியில் அவுரி பயிரிடக் கட்டாயப்படுத்திய வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள், தங்கள் நஷ்டத்தை வாரக் கூடுதல் என்றும் அபராதம் என்றும் சொல்லிக் குடியானவர்கள் தலையில் கட்டினார்கள். 1917-இல் காந்தியடிகள் அங்கே போய் நடத்திய போராட்டம் அந்தக் கொடுமைக்கு எதிராகத்தான். ஆய்வுக்கூடத்தில் நடக்கும் மாற்றம் நம் வயலில் வந்து விடியும் என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா?

சாயத்தில் இன்னொரு பாடம் தின்பண்டம் செய்யும் குழுக்களுக்கு. 2024 பிப்ரவரியில், ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால் தமிழக அரசு பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. ரோடமின்-பி துணிக்கும் காகிதத்துக்கும் போடும் ரோஸ் நிறச் சாயம். உணவில் அதற்கு அனுமதியே இல்லை. அனுமதி உள்ள உணவு நிறங்களைக் கூட, சேர்க்கலாம் என்று சொல்லப்பட்ட இனிப்பு போன்ற பண்டங்களில் பொதுவாக ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் வரைதான் சேர்க்கலாம். மஞ்சள்தூள், மிளகாய்த்தூளில் எந்தச் செயற்கை நிறமும் சேர்க்கக் கூடாது. சந்தையில் பொட்டலம் கட்டித் தரும் பெயரில்லாத கலர்பொடியை வாங்காதீர்கள். பாக்கெட்டில் உணவுப் பாதுகாப்பு உரிம எண், நிறத்தின் பெயர், காலாவதித் தேதி மூன்றும் இருக்க வேண்டும்.

இயற்கை என்றால் எல்லாம் நல்லதா?

அரளி விதை இயற்கைதான். தின்றால் சாவு. செங்காந்தள் கிழங்கும் இயற்கைதான். அதில் உள்ள கால்சிசின் கொடிய விஷம். ஆனால் அதே கால்சிசினை மிகச் சிறிய அளவில் டாக்டர்கள் 'கவுட்' என்னும் மூட்டுவீக்க நோய்க்கு மருந்தாகத் தருகிறார்கள். அதற்காகவே நம் மாநிலத்தில் விவசாயிகள் செங்காந்தள் பயிரிட்டு விதையை விற்கிறார்கள். பொருள் ஒன்று, அளவு வேறு, பலன் வேறு. நெல்லிக்காயில் உள்ள வைட்டமின் சி-யும் மாத்திரையில் உள்ள வைட்டமின் சி-யும் ஒரே பொருள்தான் என்றாலும், நெல்லிக்காயில் நார்ச்சத்து முதலான மற்றவையும் கூடக் கிடைக்கின்றன.

வேம்பு நமக்கு நன்றாகத் தெரிந்தது. வேப்பங்கொட்டைக் கரைசலில் பூச்சியைத் தடுக்கும் முக்கியப் பொருள் அசாடிராக்டின். அதன் அமைப்பு மிகவும் சிக்கலானது. அதை ஆய்வுக்கூடத்தில் முழுமையாகச் செய்து முடிக்க இங்கிலாந்து விஞ்ஞானிகளுக்கு 22 வருடம் ஆனது. 2007-இல்தான் முடித்தார்கள். நம் வீட்டு வாசல் மரம் அதை ஒவ்வொரு வருடமும் சத்தமில்லாமல் செய்கிறது! வேப்பெண்ணெயைப் பூஞ்சைக்கு மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அமெரிக்கக் கம்பெனி ஒன்றும் அந்நாட்டு விவசாயத் துறையும் ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கியிருந்தன. இது இந்தியாவில் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம் என்று வழக்காடியதில் 2000-இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீட்டிலும் 2005-இல் அதே தீர்ப்புதான். நம் அறிவுக்கு வேதியியல் மொழியில் பெயர் என்ன என்று தெரியாவிட்டால், வேறொருவர் அதற்குப் பெயர் வைத்துச் சொந்தம் கொண்டாடுவார்.

பூச்சிமருந்து விஷயத்தில் ஒரு வார்த்தை. வயலில் தெளிக்கும் பல மருந்துகள் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். மருந்து அடித்த வயலில் அன்றே களை எடுக்கப் போகாதீர்கள். மருந்து டப்பாவைக் கழுவி அரிசி, எண்ணெய், தண்ணீர் வைக்காதீர்கள். எண்ணெய்ப் பசையுள்ள மருந்து பிளாஸ்டிக்கில் ஊறிவிடும், எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. கேரளத்தின் காசர்கோடு மக்கள் பட்ட துன்பத்துக்குப் பிறகு, 2011-இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்ஃபானைத் தடை செய்தது. பழைய டப்பா எங்காவது பரணில் கிடந்தால் பயன்படுத்தாதீர்கள், வேளாண் அலுவலரிடம் சொல்லுங்கள்.

நம் குழுவில் என்ன செய்யலாம்?

அடுத்த கூட்டத்தில் கால் மணி நேரம் ஒதுக்கி, இவற்றைப் பேசி, தீர்மான நோட்டில் எழுதுங்கள்:

1. நம் குழு வாங்கும் ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் பெயர், அளவு, எதற்காகச் சேர்க்கிறோம் என்ற மூன்றையும் எழுதிய பட்டியல் இருக்கிறதா?
2. சோப்பு செய்யும் குழுவில் எண்ணெய் வாரியாகக் காஸ்டிக் அளவு எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறதா? எண்ணெயை மாற்றும்போது கணக்கை மாற்றுவது யார் பொறுப்பு?
3. காஸ்டிக், ஸ்பிரிட், பூச்சிமருந்து ஆகியவை பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், பெயர் எழுதிய டப்பாவில் இருக்கின்றனவா?
4. நம் ஊரில் கள்ளச்சாராயம் விற்கப்படுகிறதா? இருந்தால் பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்பின் மூலம் எப்படி மனு கொடுப்பது? யாருக்காவது கண் மங்கினால் யார் வண்டி ஏற்பாடு செய்வது?
5. "சுத்தமான இயற்கை" என்று சொல்வதற்குப் பதில் நம் பொருளில் உள்ளவற்றை லேபிளில் அப்படியே எழுதினால் என்ன?

கடைசிக் கேள்வியைப் பற்றிக் கொஞ்சம். "தேங்காய் எண்ணெய், காஸ்டிக் சோடா, தண்ணீர், வேப்பிலைச் சாறு. ஆறு வாரம் பதப்படுத்தியது" என்று லேபிளில் எழுதிய குழுவிடம் ஒருவர், "காஸ்டிக் சோடாவா? எரியாதா?" என்று கேட்டால், "கணக்காப் போட்டா அது சோப்பாவே மாறிடும்க்கா, மிச்சம் நிக்காது, தாள்ல சோதிச்சுப் பார்த்துதான் விக்கிறோம்" என்று நம் உறுப்பினர் சொல்ல முடிந்தால், அந்த வாடிக்கையாளர் மறுபடியும் நம்மிடமே வருவார்.

பதினோராம் வகுப்பில் வேதியியல் எடுக்கட்டுமா என்று வீட்டில் கேட்கும் பெண் பிள்ளைகளிடம், "அது கஷ்டம், உனக்கு எதுக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். அம்மா சோப்புக் காய்ச்சும்போது எண்ணெயை நிறுத்துக் காஸ்டிக் அளவைக் கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள். அந்தப் பாடம் அவளுக்கு அங்கேயே தொடங்கிவிடும்.